கடவாப்பல்லும் தாடைக்கட்டும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்லைப் பிடுங்கிய பிறகு வரும் தலைவலியைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு வார்த்தையும் இல்லை. கெட்ட பல் வாயில் இருக்கிறவரை பல்தான் வலிக்கிறது. அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்ட பிறகு, அதுவரை சும்மா இருந்த தலை வலிக்க ஆரம்பிக்கிறது. இதில் ஏதோ முறைகேடு நடக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. (தோன்றியதோடு விட்டிருக்கலாம். நானே சரிசெய்யக் கிளம்பியதுதான் வினை.)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. போல்ட்டெல்லாம் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். போல்ட்டில் மாட்டித் திருகினால், போதுமான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். டக் கேட்டால் அடுத்த போல்ட். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கு. நாள் முழுக்க இதையே செய்கிறவனுக்கு உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் ஒரே வைத்தியம்தான் தெரியும். எண்ணெய் கசிகிறதா, இறுக்கு. ஆடுகிறதா, இறுக்கு. சத்தம் போடுகிறதா, அதையும் இறுக்கு.

தங்கியிருந்தது சுங்குவார்சத்திரத்தில். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்று. என்னோடு இருந்தவன் செல்வம், திருநெல்வேலிக்காரன். அதே கம்பெனி, அதே அசெம்பிளி லைன். வீட்டுக்காரம்மா கன்னியம்மாவுக்கு எங்கள் எல்லோருடைய ஷிஃப்ட்டும் மனப்பாடம். யார் எந்த வாரம் பகலில் தூங்குவான் என்று பார்த்துத்தான் தண்ணீர் மோட்டார் போடுவார். சோறு வடித்த கஞ்சியைக் கூடக் கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கிற மனுஷி. அவர் மீது எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

அந்த வாரம் நான் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தேன். மணிமங்கலத்தில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெயர் ரெஜினா. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். காபித் தட்டை நீட்டும்போது, என் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருப்பதைக் கண்ணாலேயே காட்டினாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. இவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடித்துப்போய்விட்டது.

முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய அப்பா அருளப்பன். வார நாட்களில் ஒரு கிடங்கின் கேட்டில் செக்யூரிட்டி. ஊர் மாதா கோயிலில் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துவது அவர்தான். ஊரில் ஒரு சாவு என்றால் முதலில் ஆள் ஓடுவதும் அவரிடம்தான். தாடை கட்டுவதிலிருந்து கல்லறையில் மண் போடுவது வரை முன்னால் நிற்பார். நடுவில் எல்லோரும் சூழ்ந்திருக்க, போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார். ஊரே திட்டித் தீர்த்த ஆளைக்கூட அவர் சொல்லிக் கேட்டால் அழுகை வந்துவிடும் என்று பேர்.

அன்று அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம ஓடி பாப்பீங்களா தம்பி?”

ஓடி என்றால் ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இரட்டைச் சம்பளம். பொறுப்பான பையன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஒரு ஞாயிறுகூட விட்டது கிடையாதுங்கய்யா” என்றேன்.

பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெருமையில் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன். ஒரு உபதேசியாரின் வீட்டுக்குப் போய், அவர் காபியைக் குடித்துக்கொண்டே, ஒரு ஞாயிறுகூட பூசைக்குப் போனதில்லை என்று மார்தட்டியிருக்கிறேன். அது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை. “கலந்துகினு போன் பண்றோம்” என்று அனுப்பிவைத்தார்கள்.

போன் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பல்வலி வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் டாக்டர், சின்ன வயதுப் பெண். கீழ் வரிசையின் கடைசிப் பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறது என்று சொல்லி, வெகுநேரம் போராடி எடுத்தார். பள்ளத்தில் பஞ்சை வைத்து, “ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டு இருங்க, அப்புறம் துப்பிடுங்க. ஐஸ் ஒத்தடம் விட்டு விட்டுக் குடுங்க. சூடா எதுவும் வேணாம், டீய ரெண்டு மூணு நாளைக்கு நிறுத்திடுங்க” என்றார். தெளிவான பேச்சு. ஒரு குழந்தைகூடப் புரிந்துகொண்டிருக்கும்.

அறைக்கு வந்து பஞ்சைத் துப்பினேன். லேசாகச் சிவப்பு. கசிவு! வேறென்ன செய்வேன்? புதுப் பஞ்சை வைத்து முன்னைவிடப் பலமாகக் கடித்தேன். அதை எடுத்துப் பார்த்தால் அதிலும் துளி சிவப்பு. இன்னொரு பஞ்சு, இன்னும் பலமான கடி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ராத்திரி பகலாக நிறைவேற்றினேன். மறுநாள் மதியம் காதுக்கு முன்னால் ஒரு வலி கிளம்பி, பொட்டில் ஏறி, உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பல் எடுத்த இடம் சொல்லும்படி வலிக்கவில்லை. தலைதான் பிளந்தது.

செய்தி பரவியதும் வைத்தியம் குவிந்தது.

“ஒரு நாளைக்கி அவ்ளோ டீ குடிக்கிற புள்ள, திடுக்குனு வுட்டா தல வலிக்காம இன்னா பண்ணும்?” என்றார் கன்னியம்மா. “சுக்கு அரச்சித் தரேன், நெத்தியில பத்து போட்டுக்க.”

செல்வத்துக்கு வேறு கருத்து. “எங்கூர்ல தலவலின்னா துண்டுதாம்லே. நல்லா இறுக்கிக் கட்டிட்டுப் படுத்தன்னா வலி தன்னால ஓடிரும்.”

இறுக்கி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அடுத்த நாள் செல்வம் முதல் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டான். நான் லீவு. தனியாக உட்கார்ந்து, கிடைத்த ஆலோசனை எதையும் வீணாக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தேன். நெற்றி நடுவில் சுக்குப் பத்து. அது காய்ந்து வட்டமாக வெளுத்தது. கன்னத்தில் ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்டிக் கவர். அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் கை மரத்துப்போனதால், ஒரு வெள்ளைத் துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து, கவரோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். வலி குறையவில்லை. முடிச்சை இறுக்கினேன். அப்போதும் குறையவில்லை. இன்னும் இறுக்கினேன். எங்கேயாவது டக் என்று கேட்காதா என்று காத்திருந்தேன்.

வாயில் பஞ்சு. அதன் நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தம் மண்டைக்குள் இறங்கியதால், காதில் கம்பெனியில் கொடுக்கிற அடைப்பான் இரண்டு. பக்கவாட்டில் படுத்தால் வலி கூடியதால் பாயில் நீட்டி மல்லாந்து, நெஞ்சுவரை வெள்ளைப் போர்வை போர்த்தி, இரண்டு கையையும் மார்பின் மேல் கோத்துக்கொண்டேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். மாத்திரை வேலை செய்தது. தூங்கிப்போனேன்.

கால் கட்டைவிரல்களை மட்டும்தான் சேர்த்துக் கட்டவில்லை.

அடுத்து நடந்ததில் பாதியை நான் தூங்கியே தவறவிட்டேன். கன்னியம்மா எத்தனையோ முறை நடித்துக் காட்டியதால் நேரில் பார்த்ததுபோல் சொல்ல முடியும்.

நைட் டியூட்டி முடித்து, யூனிஃபார்மோடு அருளப்பன் வந்திருக்கிறார். “சேவியர்னு ஒரு தம்பி, எந்த ரூமும்மா?” என்று கேட்க, கன்னியம்மா கூட்டிவந்து ஒருக்களித்த கதவைத் தள்ளியிருக்கிறார். தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிட்டே வந்து என் காதோரம் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார், தோளைப் பிடித்து உலுக்கினார். (ஒரு அடைப்பான் கழன்றது அப்போதுதான்.) கடைசியில் கன்னத்தில் கை வைத்தார். வைத்தது, ஐஸ் கவர் கீழே நழுவுவதற்கு முன்னால்வரை இருந்த இடத்தில்.

“அய்யய்யோ, ஜில்லுனு கீதே! பூட்டான்பா! நேத்துகூட சுக்கு வாங்கிக்கினு போச்சே இந்தப் புள்ள!”

“யார்மா தாடை கட்டுனது?” என்று கேட்டிருக்கிறார் அருளப்பன்.

“கூட கீற செல்வம் பையனாத்தான் இருக்கும். கட்டி வுட்டுட்டு ஆளுங்களக் கூட்டியாரப் போயிருப்பான்.”

நியாயமான ஊகம். நெற்றியில் காசு வைத்தாயிற்று (வெளுத்த சுக்குப் பத்துதான்), வாயில் பஞ்சு அடைத்தாயிற்று, தாடை கட்டியாயிற்று. எல்லாம் முறைப்படி நடந்திருக்கும்போது மூக்கில் கை வைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை. மூச்சு ஏறி இறங்குவதைப் பார்க்கவும் வழியில்லை, ஃபேன் காற்றில் போர்வை முழுவதுமே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா உடனே எங்கள் சூப்பர்வைசருக்கு போன் போட்டார். (அவரும் ஒரு காலத்தில் கன்னியம்மாவின் வாடகைக்காரர்தான்.) அருளப்பன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட் பையிலிருந்து செபமாலையை எடுத்து என் தலைமாட்டில் முழங்கால் போட்டார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் லுங்கியோடு எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஊதுபத்தி ஏற்றினார்கள்.

நான் விழித்தது ஜெபச் சத்தத்தில். கண்ணைத் திறந்தால் வெளிச்சம் மண்டையில் குத்தும் என்று பயந்து மூடியே வைத்திருந்தேன். ஊதுபத்தி வாசம், பல குரல்களில் ஜெபம். கோயிலில் இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். கோயில் என்றால் இன்று ஞாயிறு. ஞாயிறு என்றால் ஓடிக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறேன் என்று பதறினேன். (அந்த வயதில் என் பக்தி அவ்வளவுதான்.) பிறகு அந்தக் குரல் யாருடையது என்று பிடிபட்டது. பதில் சொல்ல வேண்டியவர் வந்திருக்கிறார்! எதற்காக என் பாய்க்குப் பக்கத்தில் ஜெபம் சொல்கிறார் என்பது மட்டும் புரியவில்லை. வாயைத் திறந்து கேட்கலாம் என்றால் துண்டு விடவில்லை.

ஜெபம் முடிந்தது. அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாலு நல்ல வார்த்தைக்கான நேரம்.

“இந்தத் தம்பி தங்கமான புள்ள. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. பெத்தவங்க பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது. ஞாயித்துக்கெழம பூசைன்னா மொத ஆளா வந்து மொத வரிசையில நிப்பான்…”

வேறு எந்த சேவியரோ செத்துவிட்டான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

“எம்பொண்ணுக்குக் கேட்டு வந்தாங்க…” இந்த இடத்தில் அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. “குடுத்தா இந்தப் புள்ளைக்குத்தான் குடுக்கறதுன்னு முடிவு பண்ணி, அத நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் இன்னிக்கி வந்தேன். ஆண்டவரு முந்திக்கினாரு.”

யார் செத்தான் என்ற கவலை எனக்கு அத்தோடு போயிற்று. குடுக்கிறார்! ரெஜினாவைக் குடுக்கிறார்! உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. “மாமா!” என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

மாமா என்றுதான் நான் கத்தினேன். துண்டைத் தாண்டி வெளியே வந்தது “ம்ம்ம்ம்ம்” என்ற ஒரு நீண்ட உறுமல். ஐஸ் கவர் கழன்று, கரைந்த தண்ணீர் கழுத்து வழியாக ஓடியது. ஷிஃப்ட் பஸ்ஸுக்குக்கூட ஓடி வராதவர்கள் அன்று ரோடு வரைக்கும் ஓடினார்கள். கன்னியம்மா பின்பக்கமாகவே நகர்ந்து, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் மோதி, டிரம்மோடு சாய்ந்தார். அருளப்பன் மட்டும் ஓடவில்லை. தைரியம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதாம்.

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் இருவரில் வாயைத் திறக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான். நான் உச்சந்தலை முடிச்சைச் சுட்டிக் காட்டினேன். கையை நீட்டினார். எத்தனையோ பேருக்குத் தாடை கட்டிய கை அது. கட்டியதை அவிழ்ப்பது அதற்கு முதல் தடவை. முடிச்சு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தும் அசையவில்லை. பயமெல்லாம் போய் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“இன்னாப்பா இது, இப்டி இறுக்கிக் கட்டிக்கினு கீற? நாங்க பொணத்துக்கே இவ்ளோ இறுக்க மாட்டோம்!”

டிரம்மிலிருந்து எழுந்த கன்னியம்மா, நனைந்த புடவையோடு கத்தரிக்கோல் கொண்டுவந்தார். துண்டை வெட்டினார்கள். பஞ்சைத் துப்பினேன். தாடை தொங்கியது. அந்த நிமிஷம் மண்டைக்குள் எங்கேயோ ‘டக்’ என்று ஒன்று விட்டது. முந்தின நாள் மதியத்திலிருந்து என்னை ஆட்டிவைத்த தலைவலி இறங்க ஆரம்பித்தது. மிச்சத்தை கன்னியம்மா ஆற்றிக் கொடுத்த ஒரு டம்ளர் டீ பார்த்துக்கொண்டது. (பிறகு பல் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஓயாமல் கடித்துக்கொண்டே இருந்ததும், அதன்மேல் கட்டிய கட்டும்தான் தலைவலிக்குக் காரணம், “கட்டச் சொல்லி யார் சார் சொன்னாங்க?” என்றார். நான் செல்வத்தின் பேரைச் சொல்லவில்லை.)

டீயைக் கொடுத்த கையோடு கன்னியம்மா விஷயத்துக்கு வந்தார்.

“இன்னாங்கய்யா, இப்பத்தான சொன்னீங்க, பொண்ணக் குடுக்கறேன்னு? பையன் எந்திரிச்சிக்கினான். குடுங்க.”

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். எல்லோரும் கேட்டவர்கள்தான். அருளப்பன் பெல்ட்டைச் சரிசெய்தார். தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சுக்குப் பத்து உதிர்ந்துகொண்டிருந்த நெற்றி, வீங்கிய கன்னம், ஈரப் பனியன். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். செத்துக் கிடந்தபோதுகூட அவ்வளவு அசையாமல் இருந்திருக்க மாட்டேன்.

“சொன்னது சொன்னதுதாம்மா” என்றார் கடைசியில். முகத்தில் மட்டும் ஏனோ அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் கம்பெனி வேன் வந்து நின்றது. லைனில் பாதிப் பேர் இறங்கினார்கள். முன்னால் செல்வம், கையில் ரோஜா மாலை. நான் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

“என்னலே, நீ சாகலியா? ஒனக்காக லைனயே நிப்பாட்டிட்டு வந்திருக்கோம்லே!”

கரண்டு போனாலொழிய நிற்காத லைன் அது. ஒருவன் மயங்கி விழுந்தபோதுகூட அவனை ஓரமாக நகர்த்திவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். எனக்காக ஒரு நிமிஷம் நிறுத்தி, எல்லோரும் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். கேட்டபோது கண் கலங்கியது. வேலைக்குத் திரும்பிய அன்று, லைன் நின்ற அந்த ஒரு நிமிஷத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கண் காய்ந்துவிட்டது. லைனின் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு வரிசையாகக் கும்பிட்ட கைகள் வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவன், “சேவியரோட சண்டே ஓடி இனிமே யாருக்கு?” என்று கேட்டிருந்தான். நல்லவேளை, என் அம்மாவின் நம்பர் அவர்கள் யாரிடமும் இல்லை.

கல்யாணம் நடந்து, சில மாதம் கழித்துத்தான் ரெஜினா உண்மையைச் சொன்னாள். அவள் அப்பா அன்று வந்தது சம்மதம் சொல்ல இல்லை. ஞாயிறு பூசைக்கு வராத பையன் வேண்டாம் என்று முடிவு செய்து, வேண்டாம் என்பதை போனில் சொல்வது மரியாதை இல்லை என்று நேரில் சொல்ல வந்திருக்கிறார். வந்த இடத்தில் நான் அந்தக் கோலத்தில் கிடந்ததைப் பார்த்ததும் மனுஷனுக்கு மனசு தாங்கவில்லை. செத்தவனிடம் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாய் பழக்கப்படி நல்ல வார்த்தைகளைச் சொல்லிவிட்டது. “என் பேர்ல உனக்கு விருப்பமான்னு கேக்கவாவது கேட்டாரா?” என்றேன். “நான்தான் மொதல்லயே சரின்னுட்டேனே, அவர்தான் முரண்டு பண்ணாரு” என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உபதேசியார் சாட்சிகள் முன்னால் பொய் சொல்லியிருக்க முடியாது. எனவே அவர் சொன்னதை உண்மையாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமை ஓடி பார்த்ததில்லை. அது குரூப்பில் கேட்டவனுக்கே போய்விட்டது, அவன் அதில் ஒரு பைக் வாங்கிவிட்டான். ஒவ்வொரு ஞாயிறும் மாமனார் கோயில் வாசலில் நின்றபடி முதல் வரிசையை எட்டிப் பார்ப்பார். நான் நின்றுகொண்டிருப்பேன்.

எப்போதாவது மழை பெய்கிற ஞாயிறு காலையில், தலைவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். ரெஜினா நெற்றியில் கை வைத்துப் பார்க்க மாட்டாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவந்து தலைமாட்டில் போடுவாள்.

“எங்கப்பா என்னக் குடுத்தது செத்துப்போன சேவியருக்கு. அவுரு ஒரு ஞாயிறுகூட பூசைய வுட்டதில்ல. எந்திரிங்க.”